கணக்கு ஏறாத பிள்ளை என்று யாரைச் சொல்கிறோம்? எங்கள் சனிக்கிழமைக் கணித வகுப்பு பற்றிப் பெற்றோர் கேட்பவை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தரம் 9 முதல் 11 வரை தமிழ்மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணித வகுப்பு நடத்துகிறோம். நாங்கள் என்றால் பாடசாலை ஆசிரியர்கள் மூன்று பேரும், இங்கேயே படித்துப் பிறகு பல்கலைக்கழகம் போன சில தம்பி தங்கைகளும். கெட்டிக்காரர், பின்தங்கியவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்பதால் பெற்றோருக்கு நிறையச் சந்தேகம் வருகிறது. வாசலில் நின்று அவர்கள் கேட்ட கேள்விகளையும், எங்களால் முடிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

போன தவணையில் 18 புள்ளி எடுத்த பிள்ளையையும் சேர்ப்பீர்களா, சேர்?

சேர்ப்போம். 92 எடுத்த பிள்ளையையும் சேர்ப்போம். தவணைப் புள்ளியை நாங்கள் கேட்பதே இல்லை. பெற்றோர் தேர்ச்சி அறிக்கையை நீட்டினால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது மரியாதைக் குறைவு அல்ல. 18 என்ற எண் அந்தப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று எதையும் சொல்லாது. 18 எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு வேறு இடத்தில் சிக்கல் இருக்கும்.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெஹிவளை, வத்தளை என்று எல்லாப் பக்கமும் இருந்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம், பரம்பரையாகக் கொழும்பிலேயே இருக்கும் முஸ்லிம் குடும்பம் என மூன்று விதமான தமிழ் ஒரே மேசையில் கேட்கும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிப் பெரிய பாடசாலைக்குப் போன பிள்ளையும், அதில் தவறிய பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

சேரும் அன்று ஒரு தாள் எழுத வைக்கிறீர்களே, அது எதற்கு? அதில் குறைந்தால் எடுக்க மாட்டீர்களா?

அதில் யாரும் தவற முடியாது. அந்தத் தாளுக்குப் புள்ளியே கிடையாது.

20 சிறு கணக்குகள். தரம் 10, 11 பாடம் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் தரம் 5 முதல் 8 வரை படித்தவை: பின்னம், தசமம், மறை எண்கள், அடைப்புக்குறி, சதவீதம், பரப்பளவு. தரம் 11 பிள்ளை ஒருவருக்கு இதைக் கொடுத்தால் சில பெற்றோருக்கு மனம் நோகிறது. ஆனால் சிக்கல் தொடங்கிய இடம் அநேகமாக இங்கேதான் இருக்கும்.

ஒன்றைக் காட்டுகிறேன். அரையும் மூன்றில் ஒன்றும், அதாவது 1/2 + 1/3. இதற்கு 2/5 என்று எழுதும் தரம் 10 பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் இருப்பார்கள். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டிவிட்டார்கள். பிழை என்று சிவப்புப் பேனையால் வெட்டுவது சுலபம். நாங்கள் வெட்டுவதில்லை. பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி மட்டும் கேட்போம்: "அரை ரொட்டி உன்னிடம் இருக்கிறது. நான் இன்னும் ஒரு துண்டு தருகிறேன். இப்போது உன்னிடம் இருப்பது அரையை விடக் கூடவா, குறைவா?" கூட என்று சொல்வார்கள். "சரி, 2/5 அரையை விடக் கூடவா?" கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. பிறகு கை தானாக அழிறப்பரைத் தேடிப் போகும். அந்தக் கொஞ்ச நேர மௌனத்தில் நாங்கள் ஒருபோதும் வாய் திறப்பதில்லை. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு முதலில் பழக்குவதே இதைத்தான்.

பின்னம் அறுந்தால் அதோடு நிற்காது. தரம் 11 இல் அட்சரகணிதப் பின்னம் வரும். நிகழ்தகவு முழுக்கப் பின்னம். இயல்பொத்த முக்கோணி விகிதம். திரிகோணகணிதத்தில் சைனும் கோசைனும் விகிதம். வரைபின் படித்திறனும் விகிதம். ஐந்து பாடம் விளங்கவில்லை என்று பிள்ளை சொல்லும்போது உண்மையில் விளங்காதது ஒன்றுதான்.

இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். 2020 இல் தரம் 4, 5 இல் இருந்த பிள்ளைகள்தான் இப்போது தரம் 10, 11 இல் இருக்கிறார்கள். பின்னத்தையும் தசமத்தையும் ஒழுங்காகப் படிக்க வேண்டிய வருடங்களில் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு கைபேசி; அதில் டேட்டா இருந்தால் பாடம். அது முடிந்து 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து திரும்பவும் மூடினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து "அடிப்படை இல்லை" என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அடிப்படை போட வேண்டிய நேரத்தில் அவர்களுக்கு வகுப்பே இருக்கவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகளையும் மெதுவாகப் படிப்பவர்களையும் ஏன் ஒன்றாக வைக்கிறீர்கள்? பிரித்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே?

முதல் வருடம் நாங்களும் பிரித்தோம். மேல்மாடியில் ஒரு குழு, கீழே ஒரு குழு. பெயர் வைக்கக்கூட இல்லை, மேல், கீழ் என்றுதான் சொன்னோம். மூன்றாவது கிழமை, கீழ் அறைக் கதவில் யாரோ சோக்கால் "மொக்கு வகுப்பு" என்று எழுதியிருந்தார்கள். வெளியார் யாரும் எழுதவில்லை. அந்த அறையில் இருந்த பிள்ளையேதான் எழுதியது. அதற்குப் பிறகு அந்த அறையில் கேள்வி கேட்பார் யாரும் இல்லை. கணக்குப் போட முயற்சிக்கவும் இல்லை. முயற்சித்துப் பிழைத்தால் பெயர் உறுதியாகிவிடும், முயற்சிக்காமல் இருந்தால் "நான் செய்யவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அந்தத் தவணையோடு பிரிப்பதை நிறுத்தினோம்.

ஒன்றாக வைத்தால் எல்லோருக்கும் ஒரே கணக்கா என்று கேட்பீர்கள். ஆம், ஒரே கணக்கு. ஆனால் அந்தக் கணக்கைத் தேடுவதற்குத்தான் எங்கள் வெள்ளிக்கிழமை இரவு முழுக்கப் போகிறது. கீழ்ப்படியில் எல்லோரும் கால் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேல்படி எங்கே முடிகிறது என்று கெட்டிக்காரப் பிள்ளைக்கும் தெரியக்கூடாது.

அண்மையில் செய்த ஒன்று. வெள்ளவத்தைப் புடவைக் கடை ஒன்றில் 5,000 ரூபாய்ச் சேலைக்கு 20 சதவீதம் கழிவு. அதன்மேல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். முதலில் கழிவைக் கழித்துவிட்டு வரி போட்டால் நல்லதா, முதலில் வரி போட்டுவிட்டுக் கழித்தால் நல்லதா?

முதலில் கைதூக்கி வாக்கெடுப்பு. மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. சண்டை பிடித்தார்கள். பிறகு கொப்பியில் இறங்கினார்கள். முதல் வழியில் 5,000 இல் 1,000 போய் 4,000, அதன் 18 சதவீதம் 720, மொத்தம் 4,720. மற்ற வழியில் 5,000 உடன் 900 சேர்ந்து 5,900, அதன் 20 சதவீதம் 1,180, கழித்தால் அதே 4,720. இது வரைக்கும் சதவீதம் பார்க்கத் தெரிந்த யாரும் வரலாம். சதவீதம் பிடிபடாத பிள்ளைக்கு 10 சதவீதத்திலிருந்து படிப்படியாகப் போகப் பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

அடுத்த படி, எந்த விலைக்கும் இது சரிவருமா, ஏன்? 0.8 ஆல் பெருக்கி 1.18 ஆல் பெருக்குவதும், மாற்றிப் பெருக்குவதும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கும்போது, சதவீதம் கூட்டல் கழித்தல் அல்ல, பெருக்கல் என்பது பிள்ளைக்கு விளங்குகிறது. கூட்டு வட்டி முழுக்க அங்கேதான் நிற்கிறது. அதற்கும் மேலே ஒரு கேள்வி: 18 சதவீத வரியை அப்படியே இல்லாமலாக்க எத்தனை சதவீதம் கழிவு தர வேண்டும்? எல்லோரும் 18 என்பார்கள். 18 அல்ல, 18 இன் கீழ் 118, அதாவது 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை இதற்கு மட்டும் அரை மணித்தியாலம் எடுத்தது. சலிப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை.

பின்லாந்தில் தரம் 7 க்கு மேல் கணிதத்துக்கும் மொழிகளுக்கும் பிள்ளைகளைத் திறன்வாரியாகப் பிரிக்கும் வழக்கம் இருந்தது. 1985 இல் அதைக் கைவிட்டார்கள். பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பிசா பரீட்சையில், 2003 இல், அந்த நாட்டுப் பிள்ளைகள் கணிதத்தில் முன்வரிசையில் நின்றார்கள். பிரிக்காததால்தான் முன்னுக்கு வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கலந்து வைத்தால் கெட்டிக்காரர் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை, அதுவே எனக்குப் போதும்.

என் மகன் எப்போதும் 90 க்கு மேல். இங்கே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே நேரம் போய்விடாதா?

நியாயமான கவலை. உங்கள் மகனை நாங்கள் சம்பளமில்லாத ஆசிரியராக வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு வகுப்பில் பத்து நிமிடம் யாருக்காவது விளக்கச் சொல்வோம். அது அவருக்கும் தேவை. "ஏன்" என்று எதிரே இருப்பவர் கேட்கும்போது 90 எடுக்கும் பிள்ளைகள் பல பேர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற நேரத்தில் அவருக்கு ஆழமான கணக்கு வரும். அடுத்த வருடப் பாடத்தை முன்கூட்டி ஓட்டிவிடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அப்படி ஓடும் பிள்ளை தரம் 11 க்கு வரும்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் வகுப்பில் கவனத்தை விட்டுவிடுகிறது. ஆழம் என்றால் இப்படி: அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி 1 ஐக் கூட்டுங்கள். 1×2×3×4 உடன் 1 சேர்த்தால் 25. 2×3×4×5 உடன் 1 சேர்த்தால் 121. அடுத்தது 361. எல்லாம் நிறைவர்க்கம். எப்போதும் அப்படித்தான் வருமா? பெருக்கிப் பார்ப்பது யாருக்கும் முடியும். வெளியே உள்ள இரண்டு எண்களின் பெருக்கமும் உள்ளே உள்ள இரண்டின் பெருக்கமும் எப்போதும் 2 ஆல்தான் வேறுபடும் என்று கவனிப்பதற்குக் கண் வேண்டும். அவற்றின் நடுவே நிற்கும் எண்ணின் வர்க்கம்தான் விடை என்பதை அட்சரகணிதத்தில் நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும்.

சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் இரண்டு நாளில் 6 கணக்குகள்தான் கொடுப்பார்கள், ஒரு நாளுக்கு 3, அதற்கு நாலரை மணித்தியாலம். ஒரு கணக்கோடு ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருக்கும் பழக்கம் 2 நிமிடத்துக்கு ஒரு கேள்வி செய்யும் பயிற்சியால் வராது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்க நினைப்பவருக்கும் இதே பழக்கம் வேண்டும். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரத்தில் ஏ எடுத்துப் போனவர்கள் அங்கே முதல் தவணையில் அதிர்ச்சியடைவதற்குக் காரணம் இதுதான்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த செ. சுந்தரலிங்கமும், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்துவிட்டு வந்து இங்கே கணிதப் பேராசிரியரான சி. ஜெ. எலியேசரும் தமிழர்கள். பெரிய கணிதம் எங்களுடைய ஆட்களுக்குத் தூரமானது என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது என்பதற்காக இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்வேன்.

என் மகளுக்குக் கணக்கு ஏறவே ஏறாது. எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் வராது.

இதை மகளின் முன்னால் சொல்லாதீர்கள். தயவுசெய்து.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். தகப்பனுக்குப் புறக்கோட்டையில் கடை. பாடசாலை விட்டதும் கடைக்குப் போய்விடுவான். முதல்நாள் தாளில் 100 − (60 − 20) என்ற கணக்குக்கு 20 என்று எழுதியிருந்தான். அடைப்பைக் கவனிக்காமல் இரண்டையும் கழித்திருக்கிறான். நான் கேட்டேன்: "உன் கடைக்கு ஒருவர் 100 ரூபாயோடு வருகிறார். 60 ரூபாய்ச் சாமான் வாங்குகிறார். நீ 20 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறாய். அவரிடம் எவ்வளவு மிஞ்சும்?" கேள்வி முடியும் முன்பே 60 என்றான். "சரி, நீ இப்போது செய்ததை எழுது" என்றேன். கொஞ்சம் யோசித்து 100 − 60 + 20 என்று எழுதினான். எழுதிவிட்டுத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அடைப்புக்கு முன்னால் சயக்குறி இருந்தால் உள்ளே உள்ள குறி ஏன் மாறுகிறது என்பதை அவனுக்கு அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குறைத்த காசு வாங்கியவரிடமே திரும்பி வருகிறது, அதனால் கூட்டல்.

இது அவனுக்கு மட்டும் உரியதல்ல. 1985 இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேசிலின் ரெசிபே நகரில் தெருவில் விற்கும் 5 பிள்ளைகளிடம் முதலில் வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்டார்கள். கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தார்கள்; 37 சதவீதம்தான் சரி. கணக்குத் தெரியாத பிள்ளைகள் அல்ல அவர்கள். தாளில் இருப்பது தனக்குத் தெரிந்த அதே விஷயம்தான் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

அதேநேரம், உண்மையிலேயே எண்களோடு பிறவியிலேயே சிரமப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். டிஸ்கல்குலியா என்பார்கள். 100 பேரில் 3 முதல் 7 பேர் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தரம் 9 இலும் 8 உடன் 5 ஐக் கூட்ட விரல் தேவைப்படுவது, மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லத் தடுமாறுவது, 0.4 பெரிதா 0.35 பெரிதா என்று எத்தனை தடவை சொல்லியும் நிற்காதது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் ஒரு நிபுணரிடம் காட்டுவது நல்லது. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலப் பிரிவு இருக்கிறது. விசேட தேவை உறுதியானால் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற உதவிகளுக்குப் பாடசாலை அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கண்ணுக்குக் கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படுகிறோமா?

சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான். 35 ஆவது எடுக்க வைக்க முடியுமா?

கணக்காகவே பார்ப்போம். கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, இரண்டின் சராசரிதான் இறுதிப் புள்ளி. 35 இருந்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி; அதற்குக் கீழே டபிள்யூ, சித்தி இல்லை. 50 இல் சி, 65 இல் பி, 75 இல் ஏ. ஆகவே எஸ் எடுக்க 200 இல் 70 வேண்டும்.

முதலாம் தாள் ஏ பகுதியில் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதில் 15 சரியென்றால் 30. பி பகுதியில் 10 புள்ளி வினா ஐந்து; அங்கங்கே பொறுக்கி 20. இரண்டாம் தாளில் பத்து வினா செய்ய வேண்டும். அதில் இரண்டைச் சுத்தமாகச் செய்தால் 20. எல்லாம் சேர்த்து 70. நாங்கள் 70 ஐக் குறிவைப்பதில்லை, 90 ஐக் குறிவைப்போம். பரீட்சை நாளில் பதற்றத்தில் கொஞ்சம் போகும்.

இரண்டாம் தாளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது புள்ளிவிபர வினா. மீடிறன் அட்டவணையில் நடுப்பெறுமானம் எழுதி, பெருக்கி, கூட்டி, இடை காண்பது. நிரல்களுக்குத் தனித்தனியாகப் புள்ளி உண்டு. கடைசிக் கூட்டல் பிழைத்தாலும் முன்னே செய்தது போகாது. பிறகு வரைபு, அதற்குப் பிறகு கவராயத்தால் செய்யும் அமைப்பு. அமைப்பில் ஒரு விஷயம்: வரைந்த வில்லை அழிக்கக்கூடாது. "அசிங்கமாக இருக்கிறது" என்று வில்களை எல்லாம் அழித்துவிட்டுப் படத்தைத் துடைத்து வைக்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், புள்ளியையும் சேர்த்துத் துடைத்து விடுகிறார்கள்.

கடந்தகால வினாத்தாளை முதல் நாளே முழுதாகக் கொடுத்து மூன்று மணித்தியாலம் உட்கார வைப்பது பின்தங்கிய பிள்ளைக்குத் தண்டனை. ஒரே வகை வினாவை ஐந்து வருடத் தாள்களிலிருந்து எடுத்து வரிசையாகக் கொடுங்கள். மூன்றாவதிலேயே முகம் மாறும்.

யூடியூப்பில் தமிழில் நல்ல கணித வகுப்புகள் இருக்கின்றனவே, அதைப் பார்த்தால் போதாதா?

நல்லவை இருக்கின்றன, நானும் பார்க்கச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும். நிறைய வீடியோக்கள் தமிழ்நாட்டில் செய்தவை. நாங்கள் தொடை என்பதை அங்கே கணம் என்பார்கள். எங்கள் தாயம் அங்கே அணி. அட்சரகணிதம் இயற்கணிதம் ஆகிவிடும், கேத்திரகணிதம் வடிவியல், நாற்பக்கல் நாற்கரம், தொடலி தொடுகோடு. விளங்கினால் பரவாயில்லை. ஆனால் பரீட்சையில் "தாயம்" என்று வந்ததும் இது படிக்காத பாடம் என்று விட்டுவிட்டு வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் எங்கள் பாடநூலைத் திறந்து வைத்து, சொல்லுக்குச் சொல் ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். பாடநூல் தொலைந்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு.

பிள்ளை பாடசாலையில் கணிதத்தை ஆங்கிலமொழிமூலம் படிக்கிறது. சேரலாமா?

சேரலாம். முக்கியமான சொற்களைக் கரும்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதுவோம். தமிழில் விளங்கியதை ஆங்கிலத்தில் எழுதுவது கடினமில்லை. எந்த மொழியிலும் விளங்காமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பாடமாக்கி வைத்திருப்பதுதான் பிரச்சினை.

கல்குலேட்டர் கொண்டு வரலாமா?

வேண்டாம். சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் அனுமதி இல்லை, மடக்கை அட்டவணைதான் தருவார்கள். ஆகவே மடக்கை அட்டவணை பார்க்கப் பழக வேண்டும்.

வேறு டியூஷனுக்கும் போகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

கிழமைக்கு ஒரு கணித வகுப்புக்கு மேல் போகும் பிள்ளைக்குச் சொந்தமாகக் கணக்குச் செய்ய நேரம் எப்போது? வகுப்பில் மற்றவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். எங்களைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். வீட்டில் நான் என்ன உதவி செய்ய முடியும், டீச்சர்?

ஒரு அம்மா எங்கள் தங்கை ஒருவரிடம் கேட்டது இது. உங்களால் முடிந்தது நிறைய. தங்கம் வாங்கவோ அடகு வைக்கவோ செட்டியார் தெருவுக்குப் போனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு சுத்தத் தங்கம். அப்படியென்றால் ஒரு பவுணில் உண்மையான தங்கம் எவ்வளவு? 7 கிராமும் மூன்றில் ஒரு பங்கும். இதைப் பிள்ளையைக் கொண்டே செய்விக்கலாம். அடகு வட்டி வருடத்துக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. "எனக்கு விளங்கும்படி சொல்லு" என்று கேட்டால் போதும். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை அந்தக் கணக்கை மறக்காது.

அப்புறம், வாய்ப்பாட்டை விருந்தினர் முன்னால் சொல்ல வைக்காதீர்கள். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

கணிதத்தில் டபிள்யூ வந்துவிட்டது. இனி உயர்தரம் இல்லையா?

பெறுபேறு வந்த கிழமையில் இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்கு முதலில் தேநீர் ஊற்றிக் கொடுப்போம். பிறகு பேசுவோம்.

உயர்தரத்துக்குப் பொதுவாக 6 பாடங்களில் சித்தி வேண்டும், அதற்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், 3 திறமைச் சித்தி, அதாவது சி அல்லது அதற்கு மேல், வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே தடவையில் வர வேண்டும் என்றில்லை. கணிதத்தை மட்டும் திரும்ப எழுதலாம். மற்றப் பாடங்களின் சுமை இல்லாமல் ஒரு பாடத்தை மட்டும் எழுதுவது பல பிள்ளைகளுக்கு முதல் தடவையை விடச் சுலபமாக இருக்கிறது. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவிலும் தரம் 12 க்குப் போகலாம். அதற்குச் சாதாரண தரச் சித்தி கட்டாயமில்லை. எது பொருத்தம் என்று பிள்ளையையும் இருத்தி வைத்துப் பேசுங்கள். பிள்ளை வீட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் வந்து தீர்மானம் எடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

நேரம், கட்டணம், கொண்டு வர வேண்டியவை?

சனிக்கிழமை காலை 8.30 முதல் 12 வரை. ஞாயிறு அறநெறி வகுப்புக்கும் வெள்ளி ஜும்ஆவுக்கும் இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான் சனியைத் தெரிவு செய்தோம். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வகுப்பு இல்லை. கட்டணம் இல்லை. சதுரக் கொப்பி ஒன்று, கோட்டுக் கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், கவராயம், பாகைமானி. கவராயத்தின் திருகாணி தளர்ந்திருந்தால் இறுக்கிக் கொடுத்துவிடுங்கள். அது ஆடினால் எந்த வட்டமும் மூடாது. காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் வருபவர்கள் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் இறங்கலாம். ரயிலில் வருபவர்கள் தண்டவாளத்தின் மேலால் நடந்து வரக்கூடாது.

முதல் நாள் நானும் உள்ளே இருக்கலாமா?

இருக்கலாம். பின்வரிசையில் ஒரு கதிரை இருக்கிறது. உங்களுக்கும் ஒரு தாள் தருவோம், நீங்களும் அந்த 20 கணக்கையும் செய்து பாருங்கள்.